பின்பாரமும் காற்றுப் பையும்

நம்ம ஊர் ஆம்னி பஸ்ஸில் ராத்திரிப் பயணம் போனவங்களுக்கு அந்த எழுத்து ஞாபகம் இருக்கும். முன் கண்ணாடியிலோ பக்கவாட்டிலோ கொட்டை எழுத்துல "ஏர் பஸ்" என்று போட்டிருப்பாங்க. ஏசி பஸ் என்று நினைச்சு ஏறி, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு வந்தவங்க உண்டு. அந்த "ஏர்" குளிர்காற்று இல்லை. சக்கரத்துக்கு மேல இரும்புப் பட்டைக்குப் பதிலா ரப்பர் பைக்குள்ள காத்தை அடைச்சு, அதன் மேல பஸ்ஸை உக்கார வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

நான் இப்போ இருக்கிறது மிச்சிகனில். இங்கே எங்க தெருவுல மூணு வீட்டுக்கு ஒரு வீட்டு வாசல்ல பிக்கப் நிக்கும். அதுக்குப் பக்கத்துல படகு வச்ச டிரெய்லரோ, வீடு மாதிரி இருக்கிற கேம்பர் டிரெய்லரோ நிக்கும். அந்த பிக்கப்புகள்ல பலதுக்கு பின் சக்கரத்துக்கு மேல அதே காத்துப் பை, சின்ன சைஸ்ல. கம்பெனி போட்டதில்லை, வாங்கினவங்க தனியா மாட்டினது. இது எப்போ ஆரம்பிச்சது, யார் ஆரம்பிச்சாங்க, எதுக்காகன்னு கொஞ்ச நாளா துருவிக்கிட்டு இருக்கேன். துருவினதுல எனக்குப் பட்ட ஒரு விஷயம்: அந்தப் பை எதுக்காகப் பிறந்துச்சோ அதைச் சரியா செய்யுது. ஆனா மாட்டுறவங்கள்ல பாதிப் பேரு அது வேற ஒண்ணையும் செய்யுதுன்னு நம்புறாங்க. அங்கதான் ஆபத்து. பதிவு கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல டிரெய்லர் விவகாரம். மாட்டு வண்டி பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூட்டைகளைப் பின்னாடி தள்ளி அடுக்கிட்டா பின்பாரம். நுகத்தடி மேல எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை இறுக்கும். ரொம்ப முன்னாடி அடுக்கினா முன்பாரம். மாடு கழுத்துல சுமந்தே செத்துப்போகும். கொஞ்சூண்டு முன்பாரமா வச்சு ஓட்டுறவன்தான் வண்டிக்காரன். டிரெய்லருக்கும் அதே கணக்கு. மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் வரைக்கும் அதன் மூக்கு, இழுக்கிற வண்டியின் கொக்கி மேல அழுத்தணும். அதுக்குக் கீழ போனா, நெடுஞ்சாலை வேகத்துல டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சிடும். அப்புறம் பிடிச்சு நிறுத்துறது கஷ்டம்.

ஆக, மூக்கு பாரம் அவசியம். ஆனா அந்த பாரம் பிக்கப்பின் வால்ல உக்காருது. வால் தாழுது, மூஞ்சி தூக்குது. ஹெட்லைட் வெளிச்சம் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்குது. பின் ஸ்பிரிங் ஏற்கனவே அமுங்கிக் கிடக்கிறதால சின்னப் பள்ளத்துக்கே சேஸி ரப்பர் தடுப்புல போய் இடிக்குது. ஸ்டீயரிங் லேசாகுது. டிரெய்லரை முன்பாரமா வைக்கப் போய், இழுக்கிற வண்டிக்கு பின்பாரம் வந்துடுச்சு. இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் காத்துப் பை வந்தது. எல்லாத்தையும் தீர்த்துச்சான்னு பின்னால பார்ப்போம்.

காத்து ஒரு ஸ்பிரிங் என்பது புது விஷயமே இல்லை. ராபர்ட் பாயில் 1660ல் போட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே "காற்றின் ஸ்பிரிங்" என்கிற சொல் இருக்கு. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின பாயில் விதி அந்தப் புத்தகத்தின் 1662 பதிப்புல வந்தது. அமுக்கினா எதிர்த்து நிக்கும், இன்னும் அமுக்கினா இன்னும் முரண்டு பிடிக்கும். இதை வண்டிக்குக் கொண்டு வந்த முதல் வடிவம் நாம தினமும் பார்க்கிற டயர்தான். ராபர்ட் தாம்சன் 1845ல் காப்புரிமை வாங்கினார். யாரும் சீண்டலை. 1888ல் டன்லப் மறுபடியும் கண்டுபிடிச்சப்போ சைக்கிள் காலம் வந்திருந்ததால பிழைச்சுது.

டயர் வேற, வண்டி உடம்பைத் தாங்குற ஸ்பிரிங் வேற. ரெண்டாவதுக்குக் காத்தைப் போடலாம்னு அமெரிக்காவுல வில்லியம் ஹம்ஃப்ரீஸ் என்பவர் 1901ல் காப்புரிமை எடுத்தார். வண்டியின் இடது, வலது ரெண்டு பக்கமும் நீளவாக்குல ரெண்டு காத்துத் தலையணை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு முனையில் வால்வு. அவர் கதை காகிதத்தோட சரி.

இதுல எனக்குப் பிடிச்ச ஆளு ஜார்ஜ் மெசியே. பிரெஞ்சுக்காரர். 1920 வாக்குல மத்தவங்க காருக்கு மாட்டிக்கிற மாதிரி காத்து சஸ்பென்ஷன் செஞ்சு வித்தார். அதாவது இன்னிக்கு என் தெருவுல நடக்கிற வேலையை அவர் நூறு வருஷம் முன்னாடியே தொழிலா பண்ணியிருக்கார்! அப்புறம் தன் பேர்லயே கார் பண்ணினார். 1930 வாக்கில் அது நின்னு போச்சு. ஆனா அவர் கவனம் அதுக்குள்ள விமானத்துப் பக்கம் திரும்பிடுச்சு. தரை இறங்குற விமானத்தோட காலுக்கு எண்ணெயும் காத்தும் சேர்ந்த ஸ்பிரிங். மெசியே 1933ல் இறந்துட்டாலும் கம்பெனி வளர்ந்தது, பல கை மாறி, பல பேர் மாறி, இன்னிக்கு சாஃப்ரான் என்கிற பெரிய நிறுவனத்துக்குள்ள இருக்கு. நிஜமான ஏர்பஸ் விமானங்கள் பலதுக்குக் கால் செஞ்சு கொடுக்கிறது அவங்கதான். நம்ம ஆம்னி பஸ்காரங்க கண்ணாடியில எழுதினது ஒரு வகையில சரியாத்தான் போச்சு :-)

அமெரிக்காவுல காத்தைப் பிடிச்சுக்கிட்டு விடாம நின்னது ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி. டயர் செய்யறவனுக்கு ரப்பருக்குள்ள காத்தை அடைக்கிறது கைவந்த கலைதானே. 1930களின் ஆரம்பத்துல சோதனையை ஆரம்பிச்சாங்க. 1935 முதல் 1939 வரைக்கும் பல கார்கள்ல மாட்டி ஓட்டிப் பார்த்தாங்க. நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா அதே சமயத்துல இரும்பு ஸ்பிரிங்கும் நல்லா முன்னேறிடுச்சு, விலையும் குறைவு. கார்காரங்க கழட்டி விட்டுட்டாங்க.

பிடிச்சுக்கிட்டது பஸ்காரங்க. 1938ல் பேச்சு ஆரம்பிச்சு, 1944ல் சோதனை ஓட்டம் நடந்து, 1950களின் ஆரம்பத்துல பஸ் தயாரிப்புக்கு வந்துடுச்சு. 1954ல் கிரேஹவுண்ட் கம்பெனிக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செஞ்ச சீனிக்ரூசர், மாடி வச்ச மாதிரி பின்பாதி உயர்ந்திருக்கும், பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. மொத்தம் 1,001 பஸ். எல்லாம் காத்து மேல ஓடினது.

ஏன் பஸ்காரன் விழுந்து விழுந்து வாங்கினான்? இதைப் புரிஞ்சுக்கிட்டா பிக்கப் கதையும் புரிஞ்சிடும். இரும்பு ஸ்பிரிங்கை முழு பாரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் செய்யணும். அம்பது பேரு ஏறினா அருமையா போகும். அஞ்சு பேரோட போனா தூக்கிப் போடும். கடைசி டிரிப் டவுன் பஸ்ஸுல பின் சீட்டுல உக்காந்து தலை கூரையில இடிச்சவங்க கை தூக்குங்க! காத்துல அப்படி இல்லை. தாங்குற பாரம் என்பது அழுத்தத்தைப் பரப்பால பெருக்கினா வருவது. 25 சதுர அங்குலப் பரப்பு உள்ள பை, 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல 250 பவுண்டு தாங்கும். அதே பை 40 பி.எஸ்.ஐ.யில் 1,000 பவுண்டு. ஆள் ஏற ஏற காத்தை ஏத்திக்கலாம், இறங்க இறங்க இறக்கிக்கலாம். உயரமும் மாறாது, குலுங்குற தாளமும் பெரிசா மாறாது. பாரம் ஏறி இறங்குற வண்டி எதுவா இருந்தாலும் இதுக்கு மேல ஒரு ஸ்பிரிங் கிடைக்காது.

பஸ்ஸுல ஜெயிச்ச தைரியத்துல காருக்கு மறுபடி வந்தாங்க. 1957 காடிலாக் எல்டொராடோ புரோம். அந்தக் காலத்து விலை 13,074 டாலர். நாலு சக்கரத்துக்கும் காத்து, கம்ப்ரெஸர், தானா மட்டம் பார்க்கிற வால்வுகள், எல்லாம் உண்டு. ரெண்டு வருஷத்துல 704 கார்தான் செஞ்சாங்க. 1958ல் செவ்ரோலே வரைக்கும் கூடுதல் காசுக்குக் காத்து சஸ்பென்ஷன் கொடுத்தாங்க. என்ன ஆச்சு? கசிஞ்சுது. ராத்திரி நிறுத்தின கார் காலையில தரையோட தரையா படுத்துக் கிடந்தது. காடிலாக் வாங்கின சீமான்கள்ல பலர் காத்தை மொத்தமா எடுத்துட்டு காயில் ஸ்பிரிங் போட்டுக்கிட்டாங்க. ரொம்ப சீக்கிரமே கடையை மூட்டை கட்டிட்டாங்க. அமெரிக்கக் கம்பெனிகள் மறுபடி துணிஞ்சது 1984ல், லிங்கன் மார்க் செவன் காருக்கு எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டோட.

(அந்தப் பக்கம் பிரான்ஸ்ல சித்ரோயன் இதே வருஷங்கள்ல காத்துக்குப் பதிலா நைட்ரஜனையும் எண்ணெயையும் வச்சு அசத்திட்டாங்க. 1955 டி.எஸ். எல்லாருக்கும் தெரியும். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1954ல், பழைய டிராக்ஸியோன் காரின் பின் சக்கரங்களுக்கு மட்டும் போட்டுப் பார்த்தாங்க. பாரம் ஏறுறது பின்னாடிதானே, அங்க ஆரம்பிச்சாங்க. புத்திசாலிங்க. அது தனிப் பதிவுக்கான கதை.)

இப்போ நம்ம ஆளு. காடிலாக் கூத்துக்கு எட்டு வருஷம் முன்னாடி, 1949ல், மிச்சிகன் தலைநகரான லான்சிங்ல ஏர் லிஃப்ட் என்று ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பிச்சது. ஓல்ட்ஸ்மொபில் கார் பிறந்த ஊர் அது. அவங்க யோசனை ரொம்ப எளிமையானது. காயில் ஸ்பிரிங்கோட நடுவுல வெத்திடம் இருக்கு. அதுக்குள்ள ஒரு ரப்பர் பையைச் சொருகிக் காத்தடிச்சா? அப்போ ப்யூக் மாதிரி கார்கள்ல பின்னாடியும் காயில் ஸ்பிரிங்தான், 1938லேயே வந்திருந்தது. போர் முடிஞ்ச நேரம். ஜனங்க கையில காசு, புதுக் கார், வாரக் கடைசியானா டிரெய்லரைக் கொக்கியில மாட்டிக்கிட்டு ஏரிக்குக் கிளம்புறாங்க. காருங்க எல்லாம் மெத்தை மாதிரி மெதுவான ஸ்பிரிங். வால் தரையைத் தேய்க்குது. பை சரியான நேரத்துல வந்து சேர்ந்துச்சு.

இந்தப் பை ஏன் பிழைச்சுது, காடிலாக் ஏன் கவுந்தது? நான் யோசிச்ச வரைக்கும் ஒரே காரணம்தான். காடிலாக்ல காத்துதான் தூண். போனா கூரையே விழுந்துடும். லான்சிங்காரங்க பை முட்டுக் கட்டை மாதிரி. இரும்பு ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கு. பை கிழிஞ்சா வண்டி பழையபடி கொஞ்சம் தாழும், அவ்வளவுதான், வீடு வந்து சேர்ந்துடலாம். கம்ப்ரெஸர் வேண்டாம், டயருக்கு அடிக்கிற வால்வே போதும், பெட்ரோல் பங்க்குல அடிச்சுக்கலாம். முழு வேலையையும் என் தலையில கட்டாதே, மிச்சத்தைப் பார்த்துக்கறேன்னு சொன்ன பொருள் எழுபது வருஷம் தாண்டியும் விக்குது. கம்பெனி இன்னும் லான்சிங்லதான் இருக்கு.

இங்கே ஒரு சாராயக் கதை சொல்லியே ஆகணும். தென் மாநில மலைப்பக்கம் கள்ளச் சாராயம் கடத்தினவங்க, காரோட பின் ஸ்பிரிங்கை வேணும்னே கனமா போட்டுக்குவாங்க. காரணம் சொகுசு இல்லை. வால் தாழ்ந்து போற காரைப் பார்த்தாலே போலீஸுக்குத் தெரிஞ்சிடுமே, டிக்கியில சரக்கு இருக்குன்னு! கனமான ஸ்பிரிங் போட்டா சரக்கோட மட்டமா போகும். காலியா வரும்போது வால் தூக்கிக்கிட்டு வரும், அதையும் மோப்பம் பிடிச்ச போலீஸ்காரங்க உண்டு. இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. வண்டி மட்டமா இருக்கிறதுக்கும் பாரம் இல்லாம இருக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை. போலீஸை ஏமாத்த அதுவே போதும். சாலையை ஏமாத்த முடியாது.

எழுபதுகள்ல இன்னொரு வகை பரவுச்சு. ஷாக் அப்சார்பருக்குள்ளேயே காத்தடிக்கிற வகை. மாட்டுறது சுலபம், பழையதைக் கழட்டி இதைப் போட்டா முடிஞ்சது. டிரெய்லர் இழுக்கிறவங்க மட்டுமில்லை, பின்னாடி அகல டயர் போட்டு வாலைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச பசங்களும் வாங்கித் தள்ளினாங்க. இதுல ஒரு கோளாறு. ஷாக் அப்சார்பரைப் பிடிச்சிருக்கிற போல்ட்டும் தகடும் குலுக்கலை அடக்கத்தான் செஞ்சது, வண்டி பாரத்தைச் சுமக்க இல்லை. பாரம் அங்க மாறினதும் பிடிமானம் பிஞ்சுக்கிட்டு வந்த கேஸ் நிறைய. ரெண்டு பக்கத்தையும் ஒரே குழாய்ல இணைச்சுட்டா இன்னொரு வேடிக்கை. வளைவுல வண்டி சாயும்போது அமுங்குற பக்கத்துக் காத்து எதிர்ப் பக்கத்துக்கு ஓடிடும். தாங்க வேண்டிய பக்கம் தளர்ந்து, வண்டி இன்னும் சாயும். பைக்கும் இதே கதைதான். அதனாலதான் இடதுக்கு ஒரு வால்வு, வலதுக்கு ஒரு வால்வு, தனித்தனிக் குழாய்.

இனி என் பக்கத்து வீட்டுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அரை டன் வகை பிக்கப், பின்னாடி பட்டை ஸ்பிரிங். கேம்பர் டிரெய்லர் சாமானோட சுமார் 2,500 கிலோ. மூக்கு பாரம் 300 கிலோ பக்கம். ஒரு கோடையில அதை மாட்டிக்கிட்டு வடக்கே போயிட்டு வந்தவர், வால் தாழுதுன்னு பை வாங்கி வச்சிருந்தார். மாட்ட ஒரு கை குறையுதுன்னு கூப்பிட்டார். எனக்கென்ன, கல்யாண வீட்டு அழைப்பு மாதிரி போயிட்டேன்.

பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு மாட்டுறது அரை நாள் வேலை. பட்டைக் கட்டுக்கு மேல கீழ்த்தகடு, சேஸியோட மேல்தகடு, ரெண்டுக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ரப்பர் பை. அந்த இடத்துல இருந்த ரப்பர் தடுப்பைக் கழட்டணும். இனி தடுப்பு வேலையும் பையோடதுதான். காத்துக் குழாயை நேரா வெட்டணும், சாய்வா வெட்டினா இணைப்புல கசியும். சைலென்ஸர் குழாய்ப் பக்கம் தகடு கட்டி சூட்டை மறைக்கணும். பிரேக் குழாய் எதுலயும் உரசக்கூடாது. கடைசியா சோப்புத் தண்ணி. பஞ்சர் கடையில டியூபை முக்கிப் பார்க்கிற அதே சோதனைதான், குமிழி வந்தா கசிவு. ராத்திரி முழுக்க விட்டு மறுநாள் அழுத்தம் பார்த்தோம். நின்னுச்சு. இந்த வகை பைக்கு 5 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கக் கூடாது, 100க்கு மேல ஏறக் கூடாது. காலி வண்டின்னு காத்தை மொத்தமா திறந்து விட்டுட்டா ரப்பர் மடிஞ்சு கடிபட்டுக் கிழியும்.

டிரெய்லரை மாட்டினதும் வால் ரெண்டு அங்குலம் தாழ்ந்தது. காத்தடிச்சோம். பிக்கப் அப்படியே எழுந்து மட்டமா நின்னுச்சு. பெரியவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். போன தடவை மாக்கினா பாலத்துல ஸ்டீயரிங் படகு மாதிரி மிதந்துச்சு, இனிமே அந்தத் தொல்லை இல்லைன்னார். மாக்கினா பாலம் 1957ல் திறந்தது, அஞ்சு மைல் நீளம், ரெண்டு பெரிய ஏரிகள் சேர்ற இடத்துல நிக்குது. காத்து பலமானா டிரெய்லர் மாதிரி உயர வண்டிகளைக் கட்டுப்படுத்துவாங்க, ரொம்ப அதிகமானா நிறுத்தியே வச்சிடுவாங்க. அங்க ஸ்டீயரிங் மிதந்ததுன்னா சாதாரண விஷயமில்லை.

நான் டேப்பை எடுத்து முன் சக்கர வளைவோட உயரத்தை அளந்து காட்டினேன். டிரெய்லர் மாட்டுறதுக்கு முன்னாடி அளந்து எழுதி வச்சிருந்ததை விட அரை அங்குலம் அதிகம். பைக்குக் காத்தடிக்கிறதுக்கு முன்னாடியும் அரை அங்குலம் அதிகம், அடிச்ச பிறகும் அதே அரை அங்குலம். வால் எழுந்தது. ஆனா மூஞ்சி இறங்கலை.

ஏன்னு கணக்குப் போட்டா ஒரு நிமிஷம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல 3.6 மீட்டர்னு வச்சுக்கங்க. பின் அச்சுலேர்ந்து கொக்கி 1.2 மீட்டர் பின்னாடி. பின் அச்சுதான் ஏத்தமரத்துக் கால். கொக்கியில 300 கிலோ அழுத்தினா, முன் அச்சு மேலேர்ந்து 100 கிலோ எழும்பிடும். பின் அச்சு மேல 300 இல்லை, 400 கிலோ கூடும். இந்த 100 கிலோ எங்க போச்சு என்பதுதான் கேள்வி. பை பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவுல நின்னுக்கிட்டு சேஸியை உயர்த்துது. ஏத்தமரத்துக் காலை உயரமாக்கினா மட்டும் பாரம் இடம் மாறுமா? பின்பாரம் ஏத்தின மாட்டு வண்டிக்குப் பெரிய சக்கரம் மாட்டினா பூட்டாங்கயிறு தளருமா? மூஞ்சியிலேர்ந்து போன 100 கிலோ போனதுதான். திருப்புறதும், பிரேக்கோட பெரும்பங்கும் அந்த முன் சக்கரத்தோட வேலை. அதுதான் பாலத்துல மிதந்தது.

அந்த 100 கிலோவை முன்னாடி அனுப்ப வேற சாதனம் இருக்கு. இதுவும் பழைய சரக்குதான். கொக்கித் தலையிலேர்ந்து ரெண்டு கனமான ஸ்பிரிங் கம்பிகள் டிரெய்லர் சட்டத்துக்குப் போகும். சங்கிலியால அதை மேல இழுத்து மாட்டிடுவாங்க. சிமெண்ட் தள்ளுற ஒத்தைச் சக்கர வண்டியின் கைப்பிடியைத் தூக்கினா பாரம் முன் சக்கரத்துக்குப் போகுமே, அதே மாதிரி அந்தக் கம்பி பிக்கப்பின் வாலைத் திருகித் தூக்கும். கொஞ்சம் பாரம் முன் அச்சுக்கும், கொஞ்சம் டிரெய்லரோட சக்கரத்துக்கும் போயிடும். பையை முதல்லயே முழுசா அடிச்சு வாலைத் தூக்கி வச்சுட்டா இந்தக் கம்பிக்கு இழுக்க இடமில்லாம போயிடும், சும்மா தொங்கும். அதனால பையில குறைஞ்ச காத்து வச்சுக்கிட்டு, கம்பியை முன் சக்கரம் பழைய உயரத்துக்குக் கிட்ட வர்ற வரைக்கும் இறுக்கி, மிச்சம் இருக்கிற தாழ்வுக்கு மட்டும் காத்து.

இன்னொரு குழப்பம் அட்டைப் பெட்டியில போட்டிருக்கிற எண். 5,000 பவுண்டு என்று கொட்டை எழுத்துல இருக்கும். அது ரெண்டு பையும் சேர்ந்து தாங்குற அளவு. வண்டி தாங்குற அளவு கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கு. அச்சு அதே அச்சு, பேரிங் அதே பேரிங், டயர் அதே டயர். பை மாட்டினதால அந்த ஸ்டிக்கர்ல ஒரு பவுண்டு கூடாது. பை செய்யறவங்களே இதைக் கையேட்டுல எழுதித்தான் வச்சிருக்காங்க. பொடி எழுத்துல.

கம்பெனிகளும் கடைசியில இந்தப் பக்கம் வந்துட்டாங்க. ராம் 1500 பிக்கப் 2009 மாடல்ல பின்னாடி பட்டையைத் தூக்கிட்டு காயில் ஸ்பிரிங்குக்கு மாறுச்சு. 2013 மாடல்ல நாலு சக்கரத்துக்கும் காத்து, கூடுதல் காசுக்கு. 2014 மாடல்ல பெரிய அண்ணன் 2500க்கு பின் சக்கரத்துக்கு மட்டும் காத்து. பாரம் ஏறினா தானா மட்டம் பார்த்துக்கும். கம்பெனியே போட்டாலும் பின் அச்சுக்கு மேல நிக்கிற காத்து, பின் அச்சுக்கு மேல நிக்கிற காத்துதான். கனமான டிரெய்லருக்கு அங்கேயும் அந்தக் கம்பிக் கொக்கியைத் தேட வேண்டியதுதான்.

பெரியவர் அன்னிக்கு டேப்பை என் கையிலேர்ந்து வாங்கி தானே ரெண்டு தடவை அளந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. அடுத்த மாசம் கம்பி வச்ச கொக்கி வாங்கி மாட்டினார். பையையும் கழட்டலை. குளிர்காலத்துல டிரெய்லர் கிடையாது. பிக்கப் தொட்டியில விறகும் பனிக்குத் தூவுற உப்பு மூட்டையும் ஏத்திக்கிட்டு வருவார், பாரம் பின் அச்சுக்கு நேர் மேல. அப்போ 30 பி.எஸ்.ஐ. அடிச்சுக்குவார்.